வாடகை வண்டியும் நான்கு காலடியும்

தீபாவளி கழிந்த மறுவாரம் எங்கள் மாவட்டத்தில் ஒரு வகை அமைதி நிலவும். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்துப் பட்டாசு ஆலைகளில் பல மூடியிருக்கும். பல மாதங்களாக மூச்சுவிட நேரமின்றி உழைத்தவர்கள் குடும்பத்தோடு எங்கேனும் புறப்படும் காலம் அது. சிலர் குற்றாலம் போவார்கள். எங்கள் வீட்டாருக்கு என்றும் இராமேசுவரம்தான். அருப்புக்கோட்டை, பரமக்குடி, இராமநாதபுரம் கடந்து பாம்பன் பாலத்தில் ஏறினால் இருபுறமும் கடல், இறங்கினால் தீவு.

கோயிலும் கடல் நீராட்டும் முடிந்ததும் பெரியவர்கள் விடுதியில் சாய்ந்துவிடுவார்கள். இளைஞர்களின் மனமோ தனுஷ்கோடிக்குப் பறக்கும். அங்கே போக வாடகை மோட்டார் சைக்கிள் கிடைக்கிறது. அசல் ஓட்டுநர் உரிமத்தைக் காட்டி, முன்பணம் கட்டி, சாவியை வாங்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். இந்த ஐந்து நிமிட வேலையைப் பற்றித்தான் உங்களோடு பேச விரும்புகிறேன். “நாங்கள் பள்ளி மாணவர்கள், எங்களுக்கு உரிமமே கிடையாதே” என்று நீங்கள் கேட்கலாம். ஓட்டப் போவது நீங்கள் அல்லர் என்பது உண்மையே. ஆனால் அண்ணனுக்கோ மாமாவுக்கோ பின்னால் உட்காரப் போவது நீங்கள்தாம்.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படி உட்கார்ந்தவன் என் தங்கை மகன். அப்போது ஒன்பதாம் வகுப்பு. ஓட்டியவன் நான், கல்லூரியில் உராய்வைப் பற்றி ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறவன். கடையில் நான் சோதித்தவை இரண்டு: ஹாரன் ஒலிக்கிறதா, பெட்ரோல் இருக்கிறதா. கடைக்காரர் ஒரே ஒரு தலைக்கவசம் கொடுத்தார். “எனக்கு, மாமா?” என்று பையன் கேட்டான். “தீவுக்குள்ளேதானடா போகிறோம்” என்று சொல்லி அதை நான் மாட்டிக்கொண்டேன். இதை எழுதும்போதும் எனக்குக் கூசுகிறது.

தனுஷ்கோடிச் சாலையில் முன்னே போன கார் ஒன்று, கடலைப் படம் எடுப்பதற்காகத் திடீரென்று நின்றது. முன் பிரேக்கைப் பிடித்தேன். பிடி எவ்விதத் தடையுமின்றிக் கைப்பிடி வரை வந்து ஒட்டிக்கொண்டது. காலால் பின் பிரேக்கை மிதித்தேன். காற்று கொண்டுவந்து சேர்த்திருந்த மணலில் பின்சக்கரம் பக்கவாட்டில் வழுக்கியது. இருவரும் விழுந்தோம். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவனுக்குப் புருவத்துக்கு மேலே நான்கு தையல். தையல் போட்டு முடிந்ததும் அவன் கேட்டது இதுதான்: “கிளம்புறதுக்கு முன்னாடி பிரேக்கைப் பிடிச்சுப் பாத்தீங்களா, மாமா?”

அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை. வாடகை வண்டி என்பது வரலாறு தெரியாத பொருள். சொந்த வண்டியின் குறைகள் நமக்குத் தெரியும். பிரேக் தளர்ந்தால் கை உடனே உணரும். வாடகை வண்டியை நேற்று யார் ஓட்டினார், எங்கே விழுந்தது, கடைசியாக எப்போது பழுது பார்த்தார்கள் என்பதில் ஒன்றும் நமக்குத் தெரியாது. கடலோரத்தில் இன்னொன்றும் சேரும். உப்புக் காற்றில் இரும்பு விரைந்து துருப்பிடிக்கும். உப்பு கலந்த ஈரம் மின்பகு திரவமாகிறது. துருப்பிடித்தல் ஒரு மின்வேதி மாற்றம் என்பதை வேதியியல் ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பிரேக் கம்பியோ உறைக்குள்ளே ஒளிந்திருக்கிறது. வெளியே துடைத்து மினுக்கிய வண்டியின் உள்ளே அந்தக் கம்பி இழை இழையாக அறுந்துகொண்டிருக்கலாம்.

வரலாறு தெரியாத பொருளை நம்பக் கூடாது என்பது எங்கள் பட்டாசுத் தொழிலில் புதிய பாடம் அன்று. அன்றாடம் கலந்த மருந்தை அன்றே பயன்படுத்திவிட வேண்டும். மிச்சத்தை மறுநாளைக்கு வைக்கக் கூடாது என்பது அங்கே விதி. இரவில் அந்தக் கலவை எவ்வளவு ஈரத்தை உறிஞ்சியது என்று காலையில் பார்ப்பவருக்குத் தெரியாது. அலுமினியத் தூளில் ஈரம் பட்டால் வினை தொடங்கி வெப்பம் பிறக்கும். மேலே பார்த்தால் நேற்றைய சாம்பல் நிறப் பொடிதான். உள்ளே வேறு பொருள். இந்த விதியை மீறியதால் வந்த துயரங்களை இம்மாவட்டத்து மாணவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தொழிற்கூடத்தில் இவ்வளவு விழிப்போடு இருக்கும் நாம், விடுமுறை நாளில் முன்பின் தெரியாத ஒரு வண்டியில் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு புறப்படுகிறோம். இது எனக்கு விளங்காத புதிர். நானே அதைச் செய்தவன் என்பதால் வெட்கமும் கூட.

ஆகவே சாவி வாங்கியவுடன் ஒரு சோதனை செய்யச் சொல்கிறேன். கருவி ஒரு சாக்குக் கட்டி மட்டுமே.

கடைக்கு அருகில் போக்குவரத்து இல்லாத, மணல் இல்லாத, நேரான ஓர் இடத்தில் தரையில் குறுக்கே ஒரு கோடு போடுங்கள். வண்டியை ஓட்டுபவர் தனியாக, தலைக்கவசம் அணிந்து, மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் வரட்டும். முன்சக்கரம் கோட்டைத் தொடும்போது இரு பிரேக்குகளையும் சேர்த்து, சீராக அழுத்தி நிறுத்தட்டும். நீங்கள் சாலையின் ஓரத்தில் நில்லுங்கள். வண்டிக்கு எதிரே நிற்காதீர்கள். வண்டி நின்றபின் கோட்டிலிருந்து முன்சக்கரம் வரை காலடியால் அளந்து பாருங்கள். பெரியவர் ஒருவரின் சாதாரணக் காலடி ஏறத்தாழ முக்கால் மீட்டர். நான்கு காலடிக்குள் நின்றால் நல்ல பிரேக். எட்டுக் காலடி ஆனால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வேகங்காட்டும் முள்ளே அசையவில்லை என்றால் இந்தச் சோதனையைச் செய்ய முடியாது. அந்த வண்டியும் வேண்டாம்.

நான்குக்கும் எட்டுக்கும் இடையே என்ன பெரிய வேறுபாடு என்று நினைக்கிறீர்களா? கணக்குப் போடுவோம். வண்டி நிற்க வேண்டுமானால் அதன் இயக்க ஆற்றல் முழுவதையும் பிரேக் வெப்பமாக மாற்றியாக வேண்டும். இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்திற்கு நேர்விகிதத்தில் இருக்கும். வேகம் இருமடங்கானால் நிற்கும் தூரம் நான்கு மடங்கு. 20 கி.மீ. வேகத்தில் 3 மீட்டரில் நின்ற வண்டி, 40 கி.மீ. வேகத்தில் 12 மீட்டரில் நிற்கும். எட்டுக் காலடி, அதாவது 6 மீட்டர் ஓடிய வண்டிக்கு 24 மீட்டர் தேவை. இத்துடன், ஆபத்தைக் கண்ணால் கண்டு கை பிரேக்கை அழுத்தும்வரை கழியும் ஒரு நொடியையும் சேருங்கள். 40 கி.மீ. வேகத்தில் அந்த ஒரு நொடியில் வண்டி 11 மீட்டர் ஓடிவிடும். முதல் வண்டிக்கு 23 மீட்டர், இரண்டாவதற்கு 35. அந்தப் பன்னிரண்டு மீட்டருக்குள்தான் எங்களுக்கு முன்னே அந்தக் கார் நின்றது.

நம் ஊரில் பரவலாக உள்ள ஒரு நம்பிக்கையையும் இங்கே மறுக்க வேண்டும். “முன் பிரேக்கைத் தொடாதே, குப்புற விழுவாய்” என்று வண்டி பழகும்போதே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். பேருந்து சட்டென்று நின்றால் நிற்கும் பயணிகள் முன்னே சாய்வதைப் பார்த்திருப்பீர்கள். மோட்டார் சைக்கிளிலும் அதே நிலைமம்தான். பிரேக் பிடித்ததும் பாரம் முன்சக்கரத்துக்கு மாறுகிறது, பின்சக்கரம் இலேசாகிறது. உராய்வு விசை தரையை அழுத்தும் விசையைப் பொறுத்தது அல்லவா? ஆகவே நன்றாக நிறுத்தும் ஆற்றல் முன்சக்கரத்தில்தான் இருக்கிறது. பின் பிரேக்கை மட்டும் மிதித்தால், உறுதியான தார்ச்சாலையிலும் நிற்கும் தூரம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். சோதனையில் எட்டுக் காலடி வந்தால் பெரும்பாலும் முன் பிரேக் செத்துக் கிடக்கிறது என்று பொருள். கிளம்புமுன் என்ஜினை அணைத்து, வண்டியைத் தள்ளிக்கொண்டே ஒவ்வொரு பிரேக்கையும் தனித்தனியே பிடித்துப் பார்த்தாலே இது ஓரளவு தெரிந்துவிடும். இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் விற்பனையாகும் வண்டிகளில், 125 கன செ.மீ.க்கு மேற்பட்டவற்றில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பும், அதற்குட்பட்டவற்றில் ஒரே பிடியில் இரு பிரேக்கும் சேர்ந்து இயங்கும் அமைப்பும் இருக்க வேண்டும் என்பது விதி. நல்ல விதிதான். ஆனால் துருப்பிடித்த கம்பிக்கு விதி தெரியாது.

இனி மணல். விருதுநகர்ப் பருப்புக் கிட்டங்கிகளில் உளுந்து சிந்திக் கிடக்கும் தரையில் கால் வைத்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு மணியும் ஓர் உருளை. கால் தரையைத் தொடுவதே இல்லை. சாலையில் படர்ந்த மணலும் அப்படியே. காய்ந்த தார்ச்சாலையில் டயரின் உராய்வுக் குணகம் 0.7 அளவில் இருந்தால், மணல் படிந்த இடத்தில் அதில் பாதிகூட இராது. 30 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவை எடுத்துக்கொள்ளுங்கள். வளைவில் வண்டியை உள்நோக்கி இழுக்கும் மையநோக்கு விசையைத் தருவது இதே உராய்வுதான். குணகம் 0.7 என்றால் மணிக்கு ஏறத்தாழ 51 கி.மீ. வரை அந்த வளைவு தாங்கும். 0.3 என்றால் 34 கி.மீ.க்கு மேல் தாங்காது. பிரேக்கையும் அங்கேயே பிடித்தால் அதுவும் இல்லை. மணலைக் கண்டால் அதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, மணலின் மேல் பிரேக்கைத் தொடாமல், வண்டியைச் சாய்க்காமல் கடந்துவிட வேண்டும். பின்னால் இருப்பவர் முன்னால் இருப்பவரின் தோளைத் தட்டி “மணல்” என்று சொல்வதில் தவறே இல்லை.

தனுஷ்கோடியில் மணலுக்குப் பஞ்சம் ஏது? 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலில் ஊரும் இரயில் பாதையும் பயணிகளோடு ஒரு இரயிலும் கடலுக்கு இரையான இடம் அது. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை ஒன்பதரை கிலோமீட்டர் நீளமுள்ள இன்றைய சாலை 2017இல்தான் திறக்கப்பட்டது. நீண்ட, நேரான, ஆளரவம் குறைந்த சாலை. நேரான சாலை பாதுகாப்பானது என்று கண் சொல்லும். கை தானாகவே முடுக்கும்.

அந்தச் சாலையிலும் பாம்பன் பாலத்திலும் காற்று என்றொரு மூன்றாவது பயணி உண்டு. பழைய பாம்பன் இரயில் பாலத்தில் இரயில் ஓடிய காலத்தில், காற்றின் வேகம் மணிக்கு 58 கி.மீ.யைத் தாண்டினால் இரயிலுக்குச் சைகை கிடைக்காமல் இருந்தது, நிறுத்திவைத்தார்கள். நூற்றுக்கணக்கான டன் எடையுள்ள இரயிலுக்கே இந்தக் கட்டுப்பாடு. அதே காற்று பக்கவாட்டில் மோதினால், இருவர் அமர்ந்த மோட்டார் சைக்கிளின் ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர் பரப்பில் சுமார் 150 நியூட்டன் விசை விழும். பதினைந்து கிலோ மூட்டை ஒன்றை யாரோ பக்கத்திலிருந்து சாய்ப்பது போல. சீராக வீசினால் ஓட்டுபவர் காற்றை நோக்கி மூன்று நான்கு பாகை சாய்ந்து சமாளித்துவிடுவார். ஆபத்து காற்றில் இல்லை. காற்று நிற்பதில் இருக்கிறது. பாலத்தின் மேல் ஒரு பேருந்து நம்மைக் கடக்கும்போது சில நொடிகள் காற்று மறைபடும். சாய்ந்த வண்டி பேருந்தை நோக்கியே போகும். பேருந்து கடந்ததும் காற்று மறுபடி அறையும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில், அதாவது பட்டாசு ஆலைகளின் விடுமுறைக் காலத்திலேயே, இது நடக்கும் வாய்ப்பு அதிகம். பலத்த காற்றில் பாலத்தின் மீது மோட்டார் சைக்கிளே வேண்டாம் என்பது என் கருத்து. அரசுப் பேருந்து ஓடுகிறது, ஆட்டோவும் உண்டு.

தலைக்கவசத்துக்கு வருகிறேன். ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து தலை தரையில் மோதுவதாகக் கொள்ளுங்கள். விழுந்த உயரத்தை, மோதி நின்ற தூரத்தால் வகுத்தால், தலை உணரும் எதிர்முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் எத்தனை மடங்கு என்று கிடைக்கும். வெறுந்தலை தார்ச்சாலையில் மோதினால் நிற்கும் தூரம் இரண்டு மூன்று மில்லிமீட்டர், ஐந்நூறு மடங்கு. கவசத்தினுள் உள்ள தெர்மோகோல் போன்ற நுரை இரண்டரை செண்டிமீட்டர் நசுங்கினால் அறுபது மடங்கு. மூளைக்கு இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு உயிருக்கும் சாவுக்கும் உள்ள வேறுபாடாகலாம். பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், தலைக்கவசம் இறப்பு வாய்ப்பை ஏறத்தாழ 42 விழுக்காடும் தலைக்காய வாய்ப்பை 69 விழுக்காடும் குறைக்கிறது என்று கண்டனர். நுரை ஒருமுறைதான் நசுங்கும், நசுங்கியது மீளாது. வாடகைக் கடைக் கவசம் முன்பு எத்தனை முறை அடிபட்டதோ! தாடைப் பட்டையும் பாதிக் கடைகளில் அறுந்து தொங்கும். பட்டை இல்லாத கவசம் விழும்போது தலைக்கு முன்பே பறந்துவிடும். இந்தியத் தர முத்திரை உள்ள கவசத்தை வீட்டிலிருந்தே கொண்டுபோவது நல்லது. பையில் இடமில்லை என்பார் வீட்டில். முறுக்கு டப்பாவுக்கு இடம் இருக்கும்போது இதற்கும் இருக்கும்.

“தீவு சிறியது, நாற்பதுக்கு மேல் போக மாட்டோம்” என்பதுதான் எல்லோரும் சொல்லும் வாதம், நானும் சொன்னேன். 40 கி.மீ. வேகத்தில் சுவரில் மோதுவது 6 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது இரண்டு மாடி உயரத்திலிருந்து, குதிப்பதற்குச் சமம். 60 கி.மீ. என்றால் 14 மீட்டர். மொட்டை மாடிக்குக் கைப்பிடிச் சுவர் கட்டாத வீடு உண்டா?

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், சுருக்கமாக. கியர் உள்ள மோட்டார் சைக்கிள் ஓட்ட 18 வயது நிறைய வேண்டும். அதற்கு முன் யாரேனும் உங்களிடம் “ஒரு சுற்று ஓட்டிப் பார்” என்று சாவியை நீட்டினால், 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி பெற்றோரோ வண்டி உரிமையாளரோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் பெறலாம். உங்களுக்கும் 25 வயது வரை உரிமம் கிடைக்காது. நான்கு வயதுக்கு மேற்பட்ட எவரும், பின்னால் அமர்பவர் உட்பட, தலைக்கவசம் அணிய வேண்டும். முறைப்படி வாடகைக்கு விடும் வண்டியின் எண்பலகை கறுப்பு நிறத்தில், எழுத்துகள் மஞ்சளில் இருக்கும். வெள்ளைப் பலகை வண்டியை நூறு ரூபாய் குறைத்துத் தருகிறேன் என்றால், விபத்து நேர்ந்தபின் காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்கக்கூடும் என்பதையும் அந்த நூறு ரூபாயோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

வாடகை வண்டிகளையே தடை செய்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. இந்தோனேசியாவின் பாலித் தீவு ஆளுநர் 2023 மார்ச்சில், அயல்நாட்டுப் பயணிகளுக்கு மோட்டார் சைக்கிள் வாடகைக்கு விடுவதைத் தடுக்கப் போவதாக அறிவித்ததும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கடைக்காரருக்கு அது பிழைப்பு. இளைஞர்களுக்குக் கடற்காற்றில் போகும் மகிழ்ச்சி. கடையின் முன்னே பத்து மீட்டர் இடமும் ஒரு கோடும் கட்டாயம் என்று ஆக்கினால் போதும் என்பேன்.

இரண்டாண்டு கழித்து மீண்டும் இராமேசுவரம் போனோம். அப்போது என் மருமகன் பதினொன்றாம் வகுப்பு. இருவருக்கும் தலைக்கவசம் எங்கள் பையிலேயே இருந்தது. வேறொரு கடையில் சாவி வாங்கியதும் அவன் சட்டைப் பையிலிருந்து சாக்குக் கட்டியை எடுத்துத் தெருவில் கோடு போட்டான். முதல் வண்டி ஏழு காலடி. கடைக்காரர் முகம் சுளித்தார். இரண்டாவது வண்டி ஐந்தரை. “என்ன சார், ரயிலா விடப் போறீங்க?” என்றார். மூன்றாவது, நான்குக்குச் சற்றுக் குறைவு. அதில் போய் அரிச்சல்முனையைப் பார்த்துவிட்டு மாலையில் திரும்பினோம். முதல் வண்டியை ஓரமாகச் சாய்த்து, ஒரு பையன் பழைய பிரேக் கம்பியை உருவிக்கொண்டிருந்தான். உறை முழுதும் செம்பழுப்புத் தூள். கடைக்காரர் முன்பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, “தம்பி, அந்தச் சாக்பீஸ் மிச்சம் இருந்தா வச்சுட்டுப் போ” என்றார்.